திரையில் நீலகிரி: நிலமும் பின்னணியும்

ஒரு நிலப்பகுதி திரைப்படத்தில் தோன்றுவது வேறு, அந்நிலப்பகுதியே திரைப்படத்தின் பொருளாக அமைவது வேறு. இந்த வேறுபாட்டை ஆராய்வதற்குத் தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. ஏனெனில் உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆகிய ஊர்களையும், அவற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் புல்வெளிகளையும் தமிழ்ப் படங்களும் பிறமொழிப் படங்களும் பல பத்தாண்டுகளாக இடைவிடாமல் படம்பிடித்து வந்துள்ளன. ஆயினும் அம்மலையில் பிறந்து, அங்கேயே உழைத்து மடியும் மக்களின் வாழ்க்கையைக் கதையாகக் கொண்ட படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அண்மை ஆண்டுகளில் அரங்குகளிலும் இணையத் திரையிலும் காணக் கிடைத்த சில படங்களையும், அவற்றைக் கண்டபின் மீண்டும் பார்க்கத் தோன்றும் சில பழைய படங்களையும் முன்வைத்து, இந்த முரண் எவ்வாறு உண்டாயிற்று என்பதை இவ்வுரை ஆராய முற்படுகிறது.

இம்முரணை அளந்து பார்க்கத் தமிழ் இலக்கண மரபே ஒரு கருவியைத் தருகிறது. தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் அகப்பாடல்களின் உள்ளடக்கத்தை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகப் பகுக்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்நிலத்துக்கே உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை. உரிப்பொருள் என்பது அந்நிலத்தோடு மரபாகப் பொருத்தப்பட்ட அகவுணர்வு. குறிஞ்சித் திணைக்கு மலையும் மலைசார்ந்த இடமும் நிலம், கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது, யாமம் சிறுபொழுது, தலைவனும் தலைவியும் கூடும் புணர்தல் உரிப்பொருள். மலையேறி வந்த திரைப்படக்காரர்கள் இம்மூன்றில் முதலாவதையும் மூன்றாவதையும் எடுத்துக்கொண்டு, நடுவிலுள்ள கருப்பொருளை விட்டுவிட்டனர் என்பதே இவ்வுரையின் கருத்து. பனியும் சரிவும் காதலரும் திரையில் நிறைந்திருக்க, அந்நிலத்தின் தொழிலும் உணவும் தெய்வமும் காணாமற்போயின. சங்க மரபில் குறிஞ்சித் தலைவி தினைப்புனத்தில் கிளியோட்டிக் காவல் காப்பவள். தலைவன் அவளைச் சந்திக்க வாய்த்த இடமே அவள் வேலை செய்யும் இடம்தான். தினை அறுவடையானதும் அவள் வீட்டுக்காவலில் வைக்கப்படுவதால் சந்திப்பும் தடைப்படுகிறது. அதாவது காதலின் போக்கைப் பயிரின் போக்கு தீர்மானிக்கிறது. திரையில் தேயிலைச் செடிகளுக்கிடையே ஓடும் காதலருக்கோ அச்செடியோடு எந்த உறவும் இல்லை. கொழுந்து பறிப்பவர்கள் இருந்தால் அவர்கள் கூடையோடு நின்று புன்னகைக்க மட்டுமே பணிக்கப்படுகின்றனர்.

இதனினும் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு: நீலகிரி பல முக்கியமான படங்களில் தன் பெயரோடு வருவதே இல்லை. டேவிட் லீன் இயக்கி 1984இல் வெளிவந்த 'எ பேசேஜ் டு இந்தியா' ஈ. எம். ஃபார்ஸ்டரின் 1924ஆம் ஆண்டு நாவலைத் தழுவியது. வட இந்தியாவில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட சந்திரபூர் என்னும் ஊரிலிருந்து மராபார் குகைகளுக்குச் செல்லும் தொடர்வண்டியாக அதில் வருவது நீலகிரி மலை இரயில். மணிரத்னத்தின் 'ரோஜா' (1992) படமாக்கப்பட்ட காலத்தில் காஷ்மீரில் படப்பிடிப்பு நடத்தும் சூழல் இல்லாமையால், குன்னூரும் உதகையும் இமாசலப் பிரதேசத்து மணாலியும் காஷ்மீராக நின்றன. அவரே இயக்கிய 'தில் சே' (1998, தமிழில் 'உயிரே') படத்தின் தொடக்கத்தில், ஷாருக் கானும் மலைகா அரோராவும் வண்டியின் கூரைமேல் ஆடும் புகழ்பெற்ற பாடல் அதே மலை இரயிலில், சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவில் எடுக்கப்பட்டது, கதையோ வடகிழக்கு இந்தியாவையும் தில்லியையும் பற்றியது. வேற்றிடத்தின் வேடம் புனைவதில் இம்மலைக்குக் கிடைத்த தேர்ச்சி, தன் வேடத்தில் தோன்றும் வாய்ப்பைக் குறைத்துவிட்டது.

மலை இரயில் இவ்வாறு திரும்பத் திரும்பப் படக்கருவியை ஈர்த்ததற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் உள்ளன. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே 1899இல் திறக்கப்பட்டு, 1908இல் உதகை வரை நீட்டிக்கப்பட்ட இப்பாதையின் நீளம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட பகுதியில் ஏற்றம் 12 அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்குச் செங்குத்தாவதால், இரு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டை பதிக்கப்பட்டு, இயந்திரத்தின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. இயந்திரம் பெட்டிகளை முன்னின்று இழுக்காமல் கீழ்ப்புறத்தில் நின்று மேல்நோக்கித் தள்ளுகிறது. இத்தகைய வண்டி மெதுவாகவே செல்ல முடியும். அந்த மெதுவான ஓட்டம், திறந்தவெளியில் வளையும் பாதை, நீராவி, அடுத்தடுத்து வரும் குகைகளும் பாலங்களும் ஆகிய யாவும் ஒளிப்பதிவாளருக்கு வேறெங்கும் கிடைக்காத வாய்ப்புகளை ஒருங்கே தருகின்றன. 2005இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஆனால் அதிகாலையில் தண்டவாளத்தைச் சோதித்து நடக்கும் பணியாளரும், பெட்டிதோறும் நின்று தடையை இயக்கும் பிரேக்மேனும், மழைக்காலத்தில் மண்சரிவை அகற்றும் கூலியாட்களும் இப்படங்களில் எதிலும் ஒரு பாத்திரமாகவேனும் வளரவில்லை.

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் உள்ள புல்வெளிகளில் ஒன்றை உள்ளூர் மக்கள் 'ஷூட்டிங் மட்டம்' என்றே அழைக்கின்றனர். ஆறாவது மைல், ஒன்பதாவது மைல் என்று மைல்கல்லால் பெயர்பெற்ற இடங்களும் படப்பிடிப்பினாலேயே சுற்றுலாத் தலங்களாயின. 1989க்குப் பின் காஷ்மீர் திரையுலகுக்கு மூடப்பட்டபோது இந்திப் படக்குழுக்கள் இங்கே பெருமளவில் வந்தன. நடிகர் மிதுன் சக்ரவர்த்தி உதகையில் விடுதி நிறுவி அங்கிருந்தே ஏராளமான படங்களில் நடித்துவந்த காலமும் அதுவே. அக்காலத்தில் வண்டியோட்டிகள், சமையற்காரர்கள், குதிரைக்காரர்கள், கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர்கள் எனப் பலருக்குப் படப்பிடிப்பு பிழைப்பளித்தது என்பதைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் திரையில் வெறும் பச்சைக் கம்பளமாகத் தோன்றும் அந்தப் புல்வெளி உண்மையில் என்ன என்பதை அப்படங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. நீலகிரியின் மேல்மட்டத்தில் மலைமடிப்புகளில் சோலைக்காடும், திறந்த மேடுகளில் புல்லுமாக இயற்கையாகவே அமைந்த சூழல் அது. சோலையும் புல்லும் மழைநீரை உறிஞ்சிவைத்து ஓடைகளுக்கு மெல்ல விடுகின்றன. தோடர்களின் எருமைகளுக்கு அதுவே மேய்ச்சல் நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் சீகையும் கற்பூர மரமும் பைனும் நடப்பட்டதில் அப்புல்வெளியின் பெரும்பகுதி மறைந்தது. திரைப்பாடல்களில் நாயகனும் நாயகியும் மரங்களைச் சுற்றி ஆடும் பைன் காடு, புல்வெளி அழிந்த இடத்தில் எழுந்த நடவுக்காடு என்பதை அறிந்தபின் அப்பாடல்களைப் பார்ப்பவருக்கு அந்த அழகு முன்போல் இனிப்பதில்லை.

இப்பின்னணியில்தான் 1982இல் வெளிவந்த 'மூன்றாம் பிறை'யின் தனித்தன்மை புலப்படும். பாலு மகேந்திரா எழுதி, ஒளிப்பதிவு செய்து, இயக்கிய இப்படம் நினைவிழந்து குழந்தை மனநிலைக்குத் திரும்பிவிட்ட ஓர் இளம்பெண்ணையும், அவளைச் சென்னையின் விபசார விடுதியொன்றிலிருந்து மீட்டுத் தன் இருப்பிடமான மலையூருக்கு அழைத்துவரும் பள்ளி ஆசிரியரையும் பற்றியது. கமல் ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதையும், பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவாளருக்கான தேசிய விருதையும் பெற்றுத்தந்த படம் இது. கவிஞர் கண்ணதாசனின் கடைசித் திரைப்பாடல் இடம்பெற்றதும் இதில்தான். ஆசிரியர் சீனுவுக்கு மலை என்பது வந்துபோகும் இடம் அல்ல, அவர் வேலை பார்க்கும் ஊர். அவருக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, அக்கறையோடு விசாரிக்கும் முதிய அண்டைவீட்டார் இருக்கிறார், அடுப்பு மூட்டவேண்டிய சமையலறை இருக்கிறது, குளிருக்குப் போர்த்தவேண்டிய போர்வை இருக்கிறது. கதையின் உரிப்பொருளை இத்தகைய எளிய கருப்பொருள்கள் தாங்கி நிற்பதனால், அங்கே நிகழும் அன்பு நம்பத்தக்கதாகிறது.

பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு முறையைச் சற்று விளக்குவது பொருந்தும். அவர் கையாண்ட 'கிடைக்கும் ஒளி' முறை என்பது, செயற்கை விளக்குகளைக் குவித்துக் காட்சியை நிறைக்காமல், சாளரம் வழியாகவோ வானத்திலிருந்தோ இயல்பாக வரும் ஒளியை முதன்மையாகக் கொண்டு படமெடுத்தலைக் குறிக்கும். சமவெளியின் நண்பகலில் வெயில் நேர்க்கோட்டில் விழுந்து முகத்தில் கடும் நிழல்களை உண்டாக்குகிறது. மலைமேல் மேகமும் மூடுபனியும் அந்த ஒளியைச் சிதறடிப்பதால், அது எல்லாப் பக்கமிருந்தும் வருவதுபோல் மென்மையாகி, நிழலின் ஓரங்கள் கரைந்துவிடுகின்றன. நடிகரின் முகத்தைக் கிட்டத்தில் நின்று கவனிக்க விரும்பும் இயக்குநருக்கு அது பெரும் பேறு. ஆனால் மூடுபனிக்கு இன்னொரு குணமும் உண்டு: ஒரு காட்சித்துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே அது வந்துசேர்ந்தோ விலகிப்போயோ காட்சிகளின் தொடர்ச்சியைக் குலைத்துவிடும். ஆகவே நீலகிரியில் நல்ல படம் எடுத்தவர் என்பவர், தம் படப்பிடிப்புத் திட்டத்தை வானிலைக்கு விட்டுக்கொடுக்கத் துணிந்தவர் என்றே கொள்ளவேண்டும். உதகைக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட கேத்தி நிலையத்தில் எடுக்கப்பட்ட அப்படத்தின் இறுதிக் காட்சி இதற்குத் தலைசிறந்த சான்று. நினைவு திரும்பிய பெண் வண்டியில் அமர்ந்திருக்க, அவளுடைய ஞாபகத்தைத் தூண்ட முயன்று, பழைய விளையாட்டின்படி குரங்குபோல் குதித்துக் காட்டும் சீனுவை அவள் பித்தனென்றும் பிச்சைக்காரனென்றும் எண்ணிவிடுகிறாள். அந்த மழையும், அச்சிறு நிலையமும், நீண்டு கிடக்கும் ஈரத் தண்டவாளமும் காட்சியின் துயரத்தோடு பிரிக்கவொண்ணாதபடி கலந்துள்ளன. பெருநகரத்து நிலையமொன்றில் இக்காட்சியை நிகழ்த்தியிருந்தால் கூட்டத்தில் அது கரைந்திருக்கும். வண்டி போய்விட்டால் வேறு யாருமே இல்லாத மலை நிலையம் என்பதால்தான் சீனுவின் தனிமை முழுமையடைகிறது.

மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939இல் பிறந்த பாலு மகேந்திரா, பள்ளிப் பருவத்தில் இலங்கையில் நடந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படப்பிடிப்பில் டேவிட் லீன் கட்டளையிட்டதும் மழை பெய்ததைக் கண்டே தாமும் இயக்குநராக முடிவெடுத்ததாகப் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தச் சிறுவன் வளர்ந்து நீலகிரித் தண்டவாளத்தின் ஓரத்தில் தன் மழைக்காட்சியை எடுத்துமுடித்தபின், சில ஆண்டுகளுக்குள் அதே பாதைக்கு லீனும் தம் கடைசிப் படத்துக்காக வந்துசேர்ந்தார். இருவருள் அந்த மலையை அதன் சொந்த உருவில் காட்டியவர் மட்டக்களப்புக்காரர் என்பதைத் தமிழர் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

மணிரத்னத்தின் 'கீதாஞ்சலி' (1989, தமிழில் 'இதயத்தைத் திருடாதே') உதகையின் பனிக்காலத்தைப் பி. சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவில் மிக அழகாகப் பதிவுசெய்தது. இறப்பை எதிர்நோக்கிய இருவரின் காதலுக்கு அந்தக் குளிரும் இருளும் பொருத்தமாகவே அமைந்தன. ஆயினும் அது மலைவாசத்துக்கு வந்தவரின் பார்வையே. அதில் உதகை ஒரு மனநிலையாக இருக்கிறதேயன்றி ஓர் ஊராக இல்லை.

தோட்டங்களின் கதைக்கு வரும்போது, நீலகிரியை விட்டுச் சற்று விலகி நிற்கும் ஒரு படத்தைப் பேசாமல் இருக்கவியலாது. பாலா இயக்கிய 'பரதேசி' (2013), மருத்துவர் பி. எச். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றிய அனுபவத்திலிருந்து ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்ட நாவலை மூலமாகக் கொண்டது, அந்நாவல் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தமிழ் வாசகரை அடைந்தது. கதைக்களம் வால்பாறைப் பகுதியாயினும், அது விவரிக்கும் கங்காணி முறை தென்னிந்திய மலைத்தோட்டங்கள் அனைத்துக்கும் பொதுவானது. கங்காணி என்பவர் தோட்டத்துக்கு ஆள்சேர்த்துத் தரும் இடைத்தரகர். அவர் வறண்ட ஊர்களுக்குச் சென்று முன்பணம் கொடுத்துக் குடும்பங்களை அழைத்துவருவார். மலையேறியபின் அரிசிக்கும் கம்பளிக்கும் மருந்துக்குமான செலவு அக்கடனோடு சேர்ந்துகொண்டே போவதால், கணக்கு முடிந்து ஊர் திரும்பும் நாள் வாராது. படத்தின் முற்பகுதியில் சிற்றூர் வாழ்க்கையையும் பிற்பகுதியில் தோட்டத்தையும் காட்டிய பாலா, துன்பத்தை மிகைப்படுத்தும் தம் இயல்பைச் சில இடங்களில் கட்டுப்படுத்தவில்லை. மதமாற்றத்தைச் சித்திரித்த பகுதி, அந்த மருத்துவரின் தொண்டுக்கு நியாயம் செய்யவில்லை என்பதும் சரியான விமரிசனமே. இருப்பினும், தேயிலைச் செடியைக் காதற்பாடலின் பின்னணியாகவே பார்த்துப் பழகிய தமிழ்ப் பார்வையாளர், அச்செடியின் அடியில் மனித உடல்கள் சாய்ந்ததை முதன்முதலாகப் பெருந்திரையில் கண்டது இப்படத்தால்தான். அதன்பின் தேயிலைச் சரிவில் எடுக்கப்பட்ட பாடலொன்றைப் பழைய மகிழ்ச்சியோடு பார்க்கவியலாமற் போவது, ஒரு படம் செய்யக்கூடிய பெரும்பணி.

நீலகிரிக்கே உரிய தோட்டக் கதைகள் இன்னும் எடுக்கப்படாமல் கிடக்கின்றன. 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு வந்த மலையகத் தமிழரில் பலருக்கு வேலையளிக்கவே கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. இன்று டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் அதன் தொடர்ச்சி. நாலைந்து தலைமுறைக்கு முன் தமிழகத்திலிருந்து கண்டிச் சீமைக்குப் போன ஒரு குடும்பம், குடியுரிமை இழந்து, கப்பலேறித் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்து, பின் மீண்டும் ஒரு மலைமேல் தோட்டத் தொழிலாளருக்கான லைன் வீட்டில் குடியேறி, மீண்டும் கொழுந்து பறிக்கத் தொடங்கிய கதையைவிட வலிமைமிக்க கதை தமிழ்த் திரைக்கு எங்கே கிடைக்கும்? அதேபோல், 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது சிறு தேயிலை விவசாயிகள் பட்ட கடனும், நடத்திய போராட்டங்களும் திரையில் ஒரு காட்சியாகக்கூட இடம்பெறவில்லை. இக்கதைகளுக்காக எந்தச் செயற்கை அரங்கமும் கட்டவேண்டியதில்லை. லைன் வீடுகளும் எடைபோடும் கூடங்களும் ஆலைகளும் இன்றும் அங்கேயே இருக்கின்றன.

அரங்கம் என்றதும், 2024இல் தமிழ்நாட்டு அரங்குகளை நிறைத்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளப் படம் நினைவுக்கு வருவது இயல்பு. அதன் களம் கொடைக்கானல். 2006இல் குணா குகையின் பள்ளத்தில் விழுந்த இளைஞரை நண்பர் மீட்ட உண்மை நிகழ்ச்சி அதன் கதை. 1991இல் வந்த 'குணா' படத்தின் காதற்பாடலால் பெயர்பெற்று, சுற்றுலாப் பயணியர் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளும் இடமாக மாறிய அக்குகையை, இயக்குநர் சிதம்பரம் மீண்டும் பாறையாகவும் இருளாகவும் ஈரமாகவும் மாற்றிக் காட்டினார். குகையின் உட்புறம் கட்டப்பட்ட அரங்கமே ஆயினும், மலையின் உண்மைக் குணம் அதில் இருந்தது. ஓர் இடத்துக்கு நேரில் சென்று படமெடுப்பதனால் மட்டும் உண்மை வந்துவிடாது என்பதையும், அவ்விடத்தின் இயல்பு கதையின் திருப்பங்களைத் தீர்மானிக்கும்போதே அது வருகிறது என்பதையும் இப்படம் நிறுவியது.

நீலகிரியைப் பொறுத்தவரை அத்தகைய உண்மையைக் கொண்டுவந்தது ஒரு குறும்படம். உதகையில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வேஸ் இயக்கிய 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' 2022 டிசம்பரில் இணையவழி வெளியாகி, 2023 மார்ச்சில் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. முதுமலை தெப்பக்காட்டு யானைகள் முகாமில், தாயை இழந்த ரகு, அம்மு என்னும் யானைக்கன்றுகளை வளர்க்கும் பொம்மனும் பெள்ளியும் அதன் மாந்தர். ஏறத்தாழ 40 நிமிடமே ஓடும் இப்படத்தில் உதகையின் பனிமூடிய சரிவு இல்லை. மலையின் வடபுறத்தில், மோயாற்றின் கரையில், கோடையில் இலையுதிர்த்துத் தீப்பற்றும் காடு இருக்கிறது. நீலகிரி என்பது குளிர்ந்த மேட்டுநிலம் மட்டுமன்று என்பதையே பலர் இதனால்தான் அறிந்திருக்கக்கூடும். கன்றுக்குப் பாலூட்டுவதும், உணவை உருட்டி வாயில் வைப்பதும், குளிப்பாட்டுவதும், அது வளர்ந்தபின் வேறொருவர் பொறுப்புக்கு மாற்றப்படுகையில் உள்ளம் உடைவதும் இப்படத்தில் கதையின் துணைச்செய்திகளாக அல்ல, கதையாகவே வருகின்றன. தொழிலும் விலங்கும் உணவும் தெய்வமும் அகவுணர்வோடு இணைந்து நிற்பதால், மேலே சொன்ன திணைக் கணக்கில் முழுமைக்கு மிக நெருங்கிய படம் இதுவே எனலாம். பிறகு பெள்ளி தமிழ்நாட்டில் யானை பராமரிப்புக்கென முறையாக நியமிக்கப்பட்ட முதல் பெண் ஆனார்.

இப்படத்துக்கும் எல்லைகள் உண்டு. பொம்மனும் பெள்ளியும் காட்டுநாயக்கர் சமூகத்தவர். மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு தமிழ்நாட்டில் வகைப்படுத்தியுள்ள ஆறு சமூகங்களான தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய அனைவருமே நீலகிரியில் வாழ்கின்றனர். புலிகள் காப்பகத்துக்குள் அவர்களுடைய நில உரிமை, வனப்பொருள் சேகரிக்கும் உரிமை, யானைகள் ஊருக்குள் வர நேர்வதன் காரணங்கள் ஆகியவற்றைப் படம் தொட்டும் தொடாமலும் செல்கிறது. அன்பின் படமாக அது நிறைவானது. காட்டின் அரசியலைப் பேசும் படம் இனித்தான் வரவேண்டும்.

மலையின் மக்களே தம் மொழியில் எடுத்த படங்களும் உள்ளன என்பதைச் சமவெளியில் அறிந்தவர் சிலரே. படகர் மொழியின் முதல் திரைப்படமான 'காலா தப்பித பயிலு' 1979இல் வெளிவந்தது. அதன்பின் 'ஹொச முங்காரு', 'கவ்வவ தேடி' போன்ற படங்கள் எடுக்கப்பட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி படகர் மொழி பேசுவோர் ஏறத்தாழ 1.3 லட்சம் பேரே. அவ்வளவு சிறிய சமூகம் வெளிச் சந்தையை நம்பாமல் தன் பணத்தைத் திரட்டிப் படமெடுத்தது, பெருநகரத்து நிறுவனங்கள் எடுத்த நூறு படங்களைவிடப் பாராட்டத்தக்கது. கோத்தகிரியில் பிறந்த படகர் சமூகத்தவரான சாய் பல்லவி, 'பிரேமம்' (2015) முதல் 'அமரன்' (2024) வரை தென்னிந்தியத் திரையின் முதன்மை நடிகையரில் ஒருவராக விளங்குகிறார். அவர் பெரும்புகழ் பெற்ற வேடங்களோ சமவெளியின் பெண்களும் பிறமாநிலப் பெண்களுமே. அவரைப் போன்ற ஆற்றலாளர் தம் தாய்மொழியில், தம் ஹட்டியின் கதையில் நடிக்கும் நாளைத் திரையுலகம் விரைவில் காணவேண்டும். ஹட்டி என்பது படகர் ஊருக்குப் பெயர்.

இவை யாவற்றுக்கும் அடித்தளமாக, திரைப்படத்துக்கும் நீலகிரிக்கும் இடையே இருந்த மிக ஆழமான உறவு படப்பிடிப்பில் அன்று, ஓர் ஆலையில் இருந்தது. 1960இல் மைய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், உதகை–கூடலூர் சாலையில் இந்துநகர் என்ற குடியிருப்போடு எழுந்து, பிரெஞ்சு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் படச்சுருளுக்கு அந்நியச் செலாவணியைச் செலவிட்டுக்கொண்டிருந்த நாட்டில், கறுப்பு வெள்ளைத் திரைப்படச் சுருளும் எக்ஸ்ரே சுருளும் ஒளிப்படத் தாளும் 'இந்து' என்ற பெயரில் இங்கே உருவாயின. படச்சுருள் என்பது ஒளியூடுருவும் மெல்லிய அடித்தளத்தின்மேல், ஜெலட்டினில் வெள்ளி உப்புத் துகள்களைக் கலந்து பூசி உலர்த்தியது. ஒளிபட்ட துகள் வேதிக் கரைசலில் கறுத்து உருவமாகிறது. பூச்சு வேலை முழுவதும் இருளில் நடந்தாகவேண்டும். ஒரு துளித் தூசியும் திரையில் பெரும் புள்ளியாகிவிடும். வெப்பம் கூடினால் பூச்சு கெடும். தூய காற்று, தூய நீர், குளிர் ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைத்ததே உதகை தெரிவானதன் காரணம். பாடற்காட்சிக்காக மலையை நாடிவந்தவர்கள் விரும்பிய அதே குளிரும் தூய்மையுமே படச்சுருளையும் அங்கே வரவழைத்தன. ஷூட்டிங் மட்டத்துக்குச் செல்லும் படக்குழுக்களின் வண்டிகள் இந்துநகரைக் கடந்தே சென்றன.

தமிழ்த்திரை வண்ணத்துக்கு மாறியபோது அந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் வண்ணச்சுருள் உற்பத்தி இங்கே வேரூன்றவில்லை; பாலியெஸ்டர் அடித்தளத்திலான எக்ஸ்ரே சுருளுக்கென மேற்கொண்ட விரிவாக்கம் பெருங்கடனாக முடிந்தது; தாராளமயத்துக்குப் பின் இறக்குமதிச் சரக்கோடு போட்டியிட நேர்ந்தது; 1990களின் நடுவில் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, 2014இல் எஞ்சிய தொழிலாளருக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் ஒப்புதல் பெற்றது. அதற்குள் படச்சுருளே உலகெங்கும் மின்னணுக் கருவியிடம் தோற்றுப்போயிருந்தது. இருட்டறையில் தொட்டுணர்ந்தே வேலை செய்யப் பழகிய அத்தொழிலாளரின் திறனைப் பற்றித் தமிழில் ஒரு நாவலோ ஓர் ஆவணப்படமோ பரவலாகப் பேசப்பட்டதில்லை என்பது, திரைப்படத்தை உயிராய்ப் போற்றும் ஒரு சமூகத்துக்குப் பெருங்குறை.

உதகையில் அறக்கட்டளையொன்றின் பொறுப்பில் நடந்துவந்த அசெம்பிளி ரூம்ஸ் அரங்கம் ஒரு காலத்தில் ஆங்கிலப் படங்களுக்குப் பெயர்பெற்றிருந்தது. தோட்டங்களிலோ விழாநாளில் வெளியில் திரைகட்டிப் படம் காட்டும் வழக்கம் இருந்தது. இம்மலை மக்கள் ஒருபோதும் திரைப்படத்துக்கு அயலாராய் இருந்ததில்லை. ஆகவே மலையிலுள்ள கல்லூரிகளும் திரைப்படச் சங்கங்களும் மூன்று பணிகளை உடனே தொடங்கவேண்டும் என்பதே இவ்வுரையின் வேண்டுகோள்: படகர் மொழிப் படங்களின் படிகளைத் தேடித் திரட்டி மின்னணு வடிவில் காத்துத் திரையிடுதல், படப்பிடிப்புகளில் வேலைசெய்த வண்டியோட்டிகள், துணை நடிகர்கள், சமையற்காரர்கள் ஆகியோரின் நினைவுகளைப் பதிவுசெய்தல், இந்துநகர் ஆலையின் ஓய்வுபெற்ற தொழிலாளரிடமிருந்து படச்சுருள் செய்யும் தொழிலின் நுட்பங்களை வாய்மொழியாகக் கேட்டு எழுதிவைத்தல். இவற்றுள் மூன்றாவது பணிக்கே அவசரம் மிகுதி; 1967இல் இளைஞராய் அவ்வாலையில் சேர்ந்தவர்கள் இன்று எண்பது வயதை எட்டியிருக்கின்றனர்.